கேசட்டுக்கு ஒரு ஆணி

இதுவரை யாருமே தயாரிக்காத வீடியோ கேம்களில் உலகத்திலேயே அதிகமாகத் தோற்றுப்போன மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் தருமபுரிக்கு வரலாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாதம்மா டீக்கடைக்குப் பக்கத்தில், வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதி ஸ்டிக்கர் ஒட்டும் கடை ஒன்று இருக்கிறது. அதன் அலமாரியில் அவருடைய தோல்விகள் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் எண்ணினேன். நாற்பத்தொன்று.

அவர் பெயர் கேசட்டு. பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய சொந்த அக்காவே டீக்கடைக்குப் போன் செய்து, "கேசட்டு பக்கத்துல இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்.

டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி ஒரு காலத்தில் வந்ததே, அதில் போடும் பிளாஸ்டிக் கட்டியைத்தான் இங்கே கேசட்டு என்போம். நம் ஆள் சிறுவனாக இருந்தபோது மாமா ஒருவர் பெங்களூரிலிருந்து அப்படி ஒன்று வாங்கி வந்தாராம். மேலே ஒட்டியிருந்த லேபிளில் எரியும் கோட்டை, ஏழு வீரர்கள், வாயில் நெருப்போடு ஒரு பாம்பு. 'ஒரு லட்சம் விளையாட்டுகள்' என்று வேறு அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தால் ஒரு சதுரம் இன்னொரு சதுரத்தைத் தாண்டிக் குதித்தது. மொத்தம் நாலே விளையாட்டு. நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி லட்சமாக்கியிருந்தார்கள். நான் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு அந்தக் கணக்கைக் கேட்டதுமே ரத்தக் கொதிப்பு ஏறியது.

கேசட்டுக்குக் கோபமே வரவில்லையாம்.

"லேபிள்ல இருந்த கேம் பொய்யில்லீங்க சார். பெட்டி மாறிப் போச்சு. வேற எவன் வூட்டு டிவியிலயோ அது ஓடிக்கிட்டுத்தான் இருக்குது" என்பார்.

அந்தப் பாம்பைத் தேடத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. பழைய இரும்புக் கடையில் செத்துப்போன கேசட்டுகளைப் பொறுக்கி வருவார். சோப்புப் போட்டுக் கழுவி, பழைய லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் புதிதாக ஒரு விளையாட்டின் படத்தை வரைந்து ஒட்டுவார். அந்த விளையாட்டு உள்ளேயும் இருக்காது, உலகத்திலும் இருக்காது. ஆனால் பின்பக்கம் பொடி எழுத்தில் அதன் விதிமுறைகள் இருக்கும்.

"யாரும் ஆடப் போறதில்லை. எதுக்குய்யா ரூல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரூல் இல்லன்னா எப்பிடிங்க சார் ஏமாத்தறது?" என்றார்.

வாடிக்கையாளர் ஒருவர், ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தில் பையன் அடம்பிடித்தான் என்று ஒரு கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கடுகடுவென்று வந்து நின்றார்.

"தம்பி, இது ஓடலியே!"

கேசட்டு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் நாடி பார்ப்பதுபோல் அக்கறையாகக் கேட்டார்: "எந்த லெவல்ல நின்னுச்சுங்க?"

"லெவலா? படமே வரலைங்கறன்!"

"மொதல் லெவல்லயேவா? கஷ்டமான கேமுதாங்க அது."

அந்த மனிதர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டார். மேற்கொண்டு முயற்சி செய்து பார்க்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

எல்லாவற்றையும்விட விசேஷம் அவர் வேலை செய்யும் முறை. ஒரு விளையாட்டில் தானே தோற்காமல் அதற்கு லேபிள் வரைய மாட்டார். "தோக்காத கேமுக்குப் படம் போட்டா அது விளம்பரங்க. தோத்தவன் போட்டாத்தான் லேபிளு." உலகத்தில் இல்லாத விளையாட்டில் எப்படித் தோற்பது? தெருவில் இறங்கித்தான்.

தக்காளி லாரி ஒன்று தொப்பூர் மலைச்சரிவில் இறங்குவதாக ஒரு கேம் அவர் மனதில் உதித்தது. லாரி கிடைக்கவில்லை. மொபெட்டின் பின்னால் ஒரு கூடைத் தக்காளியைக் கட்டிக்கொண்டு வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்கினார். கீழே விழும் ஒவ்வொரு தக்காளிக்கும் ஒரு புள்ளி போச்சு. நாலாவது வேகத்தடையில் ஒரு மாடு பின்தொடர ஆரம்பித்தது. பாலம் வருவதற்குள் ஐந்து மாடுகள். கேசட்டு வேகத்தைக் கூட்ட, மாடுகளும் கூட்டின. கடைசியில் கூடையும் ஆளும் கால்வாய் ஓரம் கிடந்தார்கள். உடம்பெல்லாம் சிவப்பாக வந்தவரைப் பார்த்து நான் பதறிப்போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்யப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குதித்தார்.

"சார், கேமுக்கு வில்லன் கெடச்சுட்டான்!"

இன்னொரு தடவை பென்னாகரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதை விளையாட்டாக்கினார். கேமின் பெயர் 'கைக்குட்டை வீரன்'. இவர் கைக்குட்டை போட்டார். அதன்மேல் ஒருவர் துண்டு போட்டார். துண்டின்மேல் இன்னொருவர் மஞ்சப்பை போட்டார். கடைசியாக ஒரு பெண்மணி, "புடிங்க தம்பி" என்று சொல்லிக் கைக்குழந்தையை இவர் கையில் திணித்துவிட்டு, பின்படிக்கட்டைப் பார்த்து ஓடினார். இவர் அனிச்சையாக முன்படியில் ஏறினார். பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு படிக்கட்டுக்கும் நடுவில் அத்தனை கூட்டம். அந்தத் தாயும் இவரும் சந்தித்தது பாதி வழியில், இண்டூரில். அதுவரை குழந்தை இவருடைய மூக்கை விடவில்லையாம். அந்த லேபிளை நீங்கள் பார்க்க வேண்டும். இருட்டான பஸ்ஸுக்குள் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழ, கடைசி எதிரியாக ஒரு மொட்டைத்தலைக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். எனக்கே லேசாகப் பயம் வந்தது.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்த கேசட்டின் வாழ்க்கையில் போன கோடையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. லாரி டிரைவர் முனியப்பன் டீ குடித்துக்கொண்டே போனை நீட்டினார். "ஏம்பா கேசட்டு, ஒன்ன மாதிரியே பைத்தியங்க பெங்களூருல கூட்டம் போடுதாம் பாரு."

பெங்களூரில் ஒரு கண்காட்சி. ஓவியர்கள் ஆளுக்கு ஒரு கேசட்டு அனுப்ப வேண்டும். இல்லாத கேமுக்கு ஒரு லேபிள், அந்த கேமைப் பற்றிச் சில வரிகள். பல ஊர்களிலிருந்தும் வருகிறவற்றில் தேர்ந்தெடுத்ததைச் சுவரில், ஒன்றுக்கு ஒரு ஆணி அடித்து மாட்டுவார்களாம்.

கேசட்டு அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் மட்டும் இல்லீங்களா சார்?"

நாற்பது வயதை நெருங்கும் ஒரு மனிதரின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. தெரு முழுக்கத் தங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது கூடவே சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கிறவர்களுக்குள் என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

"பரிசெல்லாம் வேணாங்க. அந்தச் செவுத்துல எனக்கு ஒரு ஆணி கெடச்சாப் போதும்" என்றார்.

அதற்கு எந்த கேம்? அலமாரியில் இருந்தவை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒகேனக்கல் பரிசல் என்று முடிவானது. ஆட்டக்காரன் பரிசலைத் துடுப்புப் போட்டு அக்கரை சேர்க்க வேண்டும். ஆனால் பரிசல் சுழன்றுகொண்டே இருக்கும். இடது பொத்தானை அழுத்தினால் வலது பக்கம் போகும், அடுத்த நொடி அதுவும் மாறும். கேமின் பெயர் 'அக்கரை'.

"சார், நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு? எனக்குத் தலைசுற்றல் இருக்குது, தெரியுமில்ல?"

"எடைக்குங்க. ஒரு பக்கம் ஆள் இல்லன்னா பரிசல் சாயும்."

என் படிப்பு, அனுபவம் எதையும் பார்க்காமல் எடைக்காக என்னை அழைத்தவர் வாழ்நாளில் அவர் ஒருவர்தான். போனேன். மிதவைச் சட்டையின் நாலு கொக்கிகளில் ஒன்று உடைந்திருந்தது. அதைப் பரிசல்காரரிடம் சுட்டிக்காட்டினேன். "மூணு இருக்குதில்லீங்க" என்றார். நடு ஆற்றில் கேசட்டு அவரிடம், "அண்ணா, நல்லா ஒரு சுத்து சுத்துங்க, நான் தோக்கணும்" என்றார். பரிசல்காரர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சுழலில் அது சம்மதம்போல் தெரிந்திருக்க வேண்டும். பதினொரு சுற்றுவரை எண்ணினேன். அதற்குமேல் பாறை, வானம், பொரித்த மீன் கடை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

கரையேறியதும் கேசட்டு புதரோரம் போய் வயிற்றைக் காலி செய்துவிட்டு, முகமெல்லாம் மலர வந்தார். "முழுசாத் தோத்துட்டனுங்க!"

அதற்குப் பிறகு அவர் வரைந்தார். நம்பர் பிளேட்டுகள் குவிந்தன. மாதம்மா வைத்த டீக்கள் ஆடை கட்டின. அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலையில் லேபிள் முடிந்தது. பச்சையும் நீலமுமாகக் காவிரி. நுரை முழுவதும் பொடிப்பொடிச் சதுரங்கள். நடுவில் ஒற்றைப் பரிசல். துடுப்போடு நிற்பவன் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனால் அவன் அக்கரையைப் பார்க்கிறான் என்று அந்த முதுகே சொல்லும். மேலே ஓரத்தில், ஆட்டக்காரனுக்கு மூன்று உயிர் என்பதற்கு மூன்று குட்டி இதயங்கள்.

டீக்கடை மேசையில் வெயிலில் காய வைத்துவிட்டு, கூரியருக்குப் பெட்டி வாங்கக் கிளம்பினார். "சார், ஈ ஒக்காராமப் பாத்துக்குங்க."

ஈயை நான் பார்த்துக்கொண்டேன். மூன்று ஈக்கள் வந்தன, மூன்றையும் விரட்டினேன். மனிதர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். "என்னா அழகு!" "ஆறு நகருது பாரு!" "நம்ம கேசட்டா வரைஞ்சது?" முனியப்பன் கும்பிடாத குறையாகப் போனார். வாய்விட்டு எண்ணினேன். பதினேழு பேர்.

பதினேழாவது ஆள் நகர்ந்ததும் மாதம்மா அடுப்பை விட்டு வந்தார். கையில் கண்மை டப்பி. என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் மோதிர விரலை மையில் தொட்டு, படத்தின் மூலையில் ஒரு பொட்டு வைக்கப் போனார். நான், "ஐயோ!" என்று கத்தினேன். கத்தியதில் அவர் கை நழுவியது. பொட்டு ஆற்றின் நடுவில், பரிசலுக்கு நேர் எதிரில் விழுந்தது. உள்ளங்கை அளவுப் படத்தில் ஒரு விரல் நுனி என்பது எருமை மாதிரி.

"படத்துக்குப் போயி யாராவது திருஷ்டிப் பொட்டு வெப்பாங்களா? மூடநம்பிக்கைக்கு ஒரு அளவில்ல?" என்றேன்.

"புதுசாக் கட்ற வூட்டுக்குப் பூசணி கட்டல? லாரிக்கு எலுமிச்ச கட்டல? கொழந்தைக்குப் பொட்டு வெக்கல? இது அவன் கொழந்த சார்! எத்தினி கண்ணு பட்டுச்சுன்னு நீங்களே எண்ணுனீங்கள்ல?" என்றார் மாதம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விஷயம் உறைத்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கேசட்டு பெட்டியோடு வந்தார். பார்த்தார். துணி முனையால் ஒற்றினார். மை இன்னும் விரிந்தது. மேலே நீலத்தை வைத்துப் பார்த்தார். மையிலிருந்த எண்ணெயில் நீலம் ஒட்டாமல் வழுக்கியது. புதிதாக வரைய நேரமில்லை, கூரியர் சாயங்காலம் மூடிவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தோத்துட்டனுங்க சார்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் சந்தோஷமில்லாமல் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மாதம்மா அழுதார். "எல்லாக் கண்ணும் அதும்மேல போவட்டும்னுதாண்டா வெச்சன். அடி வுழுந்தா அது வாங்கிக்கும், ஒனக்கு வுழாதுன்னு வெச்சன். நானே கெடுத்துப்புட்டன்..."

கேசட்டு தலையைத் தூக்கினார். "என்னாக்கா சொன்ன?"

"கெடுத்துப்புட்டன்னு..."

"அதுக்கு முன்னாடி."

"அடி வுழுந்தா அது வாங்கிக்கும்னு..."

எழுந்தார். கடைக்குள் ஓடினார். மெல்லிய தூரிகையை எடுத்தார். பொட்டைச் சுற்றி நுரை வளையம் ஒன்று போட்டார். அது இப்போது ஆற்றில் பரிசலுக்கு முன்னால் காவலாகப் போகும் ஏதோ ஒன்றாகிவிட்டது. மேலே ஓரத்தில் மூன்று இதயங்களுக்கு அடுத்து ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி வைத்தார். கேமைப் பற்றிய வரிகளை மாற்றி எழுதி, எழுத்துப் பிழை பார்க்க என்னிடம் தந்தார்:

'பரிசல் சுழலும். உங்களுக்கு மூன்று உயிர். மூன்றும் போன பிறகு, உங்கள்மேல் பிரியமுள்ள யாரோ வைத்த ஒரு பொட்டு உங்களுக்காக அடி வாங்கும். அதை நீங்களே வைத்துக்கொள்ள முடியாது.'

"அந்தப் பொட்டு எத்தனை அடி தாங்கும்? அதைச் சொல்லணுமில்ல?" என்றேன்.

"அது ஆட்டக்காரனுக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சா தைரியமா வெளையாடிருவான், கேம் கெட்டுப் போயிரும்."

பிழை எதுவும் இல்லை. ஒரு காற்புள்ளி மட்டும் என் திருப்திக்காகச் சேர்த்தேன்.

பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் அவர் இரண்டு நம்பர் பிளேட்டுகளில் எண்களை மாற்றி எழுதினார். ஒரு பைக்கில் முருகனுக்கு மயிலுக்குப் பதில் பரிசல் வந்தது. மாதம்மா டீயில் சர்க்கரை போட மறந்தார். எனக்கு அது நல்லதுதான். ஒரு மத்தியானம் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்த கேசட்டு, அதை என்னிடமே நீட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். தேர்வாகியிருந்தது.

"ஆணி?" என்றார்.

"ஆணி" என்றேன்.

மூவரும் ரயிலில் பெங்களூருக்குப் போனோம். மாதம்மா டீக்கடையைச் சாத்திவிட்டு வந்தது தெருவையே உலுக்கிய நிகழ்ச்சி. கண்காட்சிக் கூடத்தில் வெள்ளைச் சுவர் முழுக்கக் கேசட்டுகள். எண்ண ஆரம்பித்தேன், நடுவில் மாதம்மா கையைப் பிடித்து இழுத்ததில் விட்டுப்போனது. நாலாவது வரிசையில் 'அக்கரை' இருந்தது. அதன் முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கேசட்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கேசட்டைத் தொடாமல் ஆணியை மட்டும் தொட்டுப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்காங்க சார்."

அங்கே நின்ற ஒரு பெண் கறுப்புப் பொட்டைக் காட்டிக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். "ஹௌதம்மா, திருஷ்டிப் பொட்டுதான். நான்தான் வெச்சன்!" என்று மாதம்மா இரண்டு பாஷையிலும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு, அதற்குமேல் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தாடி வைத்த ஓர் இளைஞர் வந்தார். அவருடைய கேசட்டும் அதே வரிசையில் தொங்கியது. சைக்கிளில் நிலாவுக்குப் போகும் ஏதோ ஒரு கேம். பெங்களூர்த் தமிழில், சிரிக்காமல், ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோல் கேசட்டிடம் கேட்டார்:

"உங்க கேம்ல நீங்க எந்த லெவல் வரைக்கும் போயிருக்கீங்க சார்?"

கேசட்டு சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நாலு தாண்ட முடியலீங்க. அங்க சுழல் ஜாஸ்தி."

"எனக்கும் நாலுதான் சார். அங்க செயின் கழண்டுக்குது."

இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் பலமுறை போய்ச் சொல்லியும் எழவில்லை. கடைசி முறை போனபோது ஐந்தாவது லெவலை எப்படிக் கடப்பது என்று இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தார்கள்.

திரும்பும் ரயிலில் கேசட்டு மேல் பலகையில் ஏறிப் படுத்ததும் தூங்கிப் போனார். எதிர் ஜன்னலோரம் மாதம்மாவும் கண்ணை மூடியிருந்தார். வெளியே சாயங்கால வெயில் ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களின்மேல் சாய்ந்திருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று நம் கேசட்டின்மேல் எத்தனை கண் பட்டிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். மேல் பலகையிலிருந்து அவருடைய பாதம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எழுந்து நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உள்ளங்காலில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். திரும்பி உட்கார்ந்தால் மாதம்மா ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

"என்னா சார் அது?"

"ஒண்ணுமில்லம்மா. பேனா எழுதுதான்னு பார்த்தேன்."

"எழுதுச்சுங்களா?"

"நல்லாவே எழுதுது" என்றேன்.